வடக்கு–கிழக்கு மாகாணப் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளும் வன்னியும்

இணைந்த வடக்கு–கிழக்கு மாகாணம் நிலைத்திருந்த 1988–2006 காலத்தில், வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாணவர்கள் தேசிய மட்டத்துக்குப் போகக் கடக்க வேண்டியிருந்த கடைசிப் படி மாகாணப் பாடசாலை விளையாட்டுப் போட்டி. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் தெரிவாகும் பிள்ளை கோட்டத்திலும் வலயத்திலும் வென்று மாகாணத்துக்கு வரும். அங்கு முன்னணியில் நின்றால்தான் அகில இலங்கைப் போட்டி. ஏட்டில் அந்தப் படிக்குப் பதினெட்டு ஆண்டு ஆயுள். வன்னிப் பிள்ளைகளின் காலுக்கு அது எட்டிய காலம் அதைவிட மிகக் குறைவு.

1987 ஜூலை 29 இல் கைச்சாத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தத்தையும் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தையும் அடுத்து, 1988 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தனா இரு மாகாணங்களையும் தற்காலிகமாக இணைத்தார். யாழ்ப்பாணம் முதல் அம்பாறை வரை எட்டு மாவட்டங்கள், தலைநகர் திருகோணமலை. 1990 இல் மாகாண சபை கலைக்கப்பட்டபின் ஆளுநரும் அதிகாரிகளுமே நிருவாகத்தை நடத்தினர். போட்டிகளைத் தாங்கியவர்கள் வலயக் கல்வி அதிகாரிகளும் உடற்கல்வி ஆசிரியர்களும்.

வன்னிப் பெருநிலத்தின் இம்மூன்று மாவட்டங்களிலும் ஐந்து கல்வி வலயங்கள் இருந்தன: கிளிநொச்சி, முல்லைத்தீவு, துணுக்காய், வவுனியா வடக்கு, வவுனியா தெற்கு. முள்ளியவளை வித்தியானந்தாக் கல்லூரி, வவுனியா தமிழ் மத்திய மகா வித்தியாலயம், இறம்பைக்குளம் மகளிர் மகா வித்தியாலயம் போன்றவை இங்குள்ள பெயர்பெற்ற பாடசாலைகள். மாகாணத்தின் பெரிய மைதானங்களோ யாழ்ப்பாணத்துத் துரையப்பா அரங்கு, மட்டக்களப்பு வெபர் மைதானம், திருகோணமலை மக்கெய்சர் மைதானம் என்று வன்னிக்கு வெளியே இருந்தன. வரைபடத்தில் முல்லைத்தீவும் திருகோணமலையும் ஒரே கரையில் அடுத்தடுத்த மாவட்டங்கள்தான். ஆனால் இடையில் கொக்கிளாய்க் களப்பின் முகத்துவாரம் பாலமின்றிக் கிடந்தது. பேருந்தில் போவதானால் வவுனியாவுக்கு இறங்கி, ஹொரவப்பொத்தானை வழியாகச் சுற்ற வேண்டும்.

அந்தச் சுற்றுவழியும் எப்போதும் திறந்திருக்கவில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின், வவுனியா நகர் அரச கட்டுப்பாட்டிலும் அதற்கு வடக்கே உள்ள பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. 1996 செப்டெம்பரில் இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்தது. நகரும் சுற்றூர்களும் அக்கராயன், மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கமாக இடம்பெயர்ந்தன. மரநிழலிலும் ஓலைக்கொட்டிலிலும் வகுப்புகள் நடந்தன. 1997 மே முதல் இராணுவத்தின் ‘ஜயசிக்குறு’ நடவடிக்கை, வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியையே போர்க்களமாக்கியது.

பாடசாலை மெய்வல்லுநர் போட்டியில் வயதுப் பிரிவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அன்று மேல்பிரிவு 21 வயதுக்குட்பட்டோர். கிளிநொச்சி வீழ்ந்தபோது 15 வயதாக இருந்த ஓட்டக்காரருக்கு, பாதை திறந்த 2002 இல் வயது 21. ஈட்டி எறிதலோ முப்பாய்ச்சலோ, உடல் தேறிவரும் பருவம் முழுவதும் பாதை மூடிய காலத்துக்குள் முடிந்துபோயிற்று. இந்த இழப்பை எந்தப் பெறுபேற்றுப் பட்டியலும் காட்டாது. கலந்துகொள்ளாதவரின் பெயர் அதில் ஏறுவதில்லை.

2002 பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தானது. ஏப்ரலில் யாழ்ப்பாணம் வரை ஏ9 திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கிச் சோதனை முடித்து மீண்டும் ஏற வேண்டியிருந்தாலும், வன்னிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் வெளியே போய்வர முடிந்தது. எட்டு மாவட்டப் பிள்ளைகள் ஒரே தடத்தில் ஓடலாம் என்ற ஏற்பாடு வன்னியைப் பொறுத்தவரை உண்மையில் பொருள்பட்டது இந்த நான்கு ஆண்டுகளில்தான் என்று சொல்ல வேண்டும். 2006 ஓகஸ்ட் 11 இல் முகமாலையில் சண்டை வெடித்ததும் ஏ9 மீண்டும் மூடப்பட்டது.

அதே ஆண்டு ஒக்டோபர் 16 இல், மக்கள் விடுதலை முன்னணி சார்பிலான மனுக்களை விசாரித்த உயர் நீதிமன்றம் மாகாண இணைப்பு செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி 1 முதல் வடக்கும் கிழக்கும் தனித்தனி மாகாணங்கள். அதோடு இணைந்த மாகாணப் போட்டிக்கும் இடமில்லாமல் போயிற்று.

பிரிவினால் ஒரு நன்மையும் வந்தது. ஒரே மாகாணமாக இருந்தபோது எட்டு மாவட்டங்கள் பங்கிட்ட தேசிய வாய்ப்பு, இப்போது வடக்கின் ஐந்து மாவட்டங்களுக்கென்று தனியே கிடைத்தது. கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் அது உடனே பயன்படவில்லை. 2009 மே வரை போர். பின் செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தோர் முகாம்கள். அதன்பிறகே மீள்குடியேற்றமும் பாடசாலைகளின் மீள்திறப்பும். இன்று வன்னி வலயங்கள் வட மாகாணப் போட்டியில் யாழ்ப்பாணத்தோடும் மன்னாரோடும் மோதுகின்றன. மட்டக்களப்புப் பிள்ளையை முல்லைத்தீவுப் பிள்ளை தடத்தில் சந்திப்பது தேசிய மட்டத்தில்தான்.