வெயிலின் கணக்கேடு

கூரைமேல் சூரிய வெந்நீர்க் கருவி ஒன்றை அமைக்க விரும்புகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். எத்தனை சதுர மீட்டர் தகடு வேண்டும்? கணிப்பொறி நொடியில் விடை தந்துவிடும். ஆனால் கணிப்பொறிக்கு வெயிலைப் பற்றி என்ன தெரியும்? மணிக்கு ஒரு வரியாக, ஆண்டுக்கு 8,760 வரிகள் கொண்ட வானிலைக் கோப்பை நாம்தான் அதற்குத் தர வேண்டும். அக்கோப்பே பிழையானால்? 1970களில் அமெரிக்கா இந்த இக்கட்டில் சிக்கியது.

பூச்சு செய்த பிழை

அந்நாட்டின் வானிலை நிலையங்கள் பல ஆண்டுகளாகக் கதிர்வீச்சை அளந்து வந்தன. அளக்கும் கருவியில் கரும்பூச்சுப் பூசிய பரப்பு ஒன்று உண்டு. வெயில் பட்டதும் அது சூடேறும். அவ்வெப்ப வேறுபாடு சிறிய மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கும். அதை அளந்தால் வெயிலின் அளவு தெரியும். நாளடைவில் பல கருவிகளில் பூச்சின் நிறம் மாறி, கதிர்களை உட்கவரும் திறன் குறைந்தது. வெயில் குறையவில்லை, கருவிதான் குறைத்துச் சொன்னது! கருவிகளை அளவுதிருத்தம் செய்ததிலும் குறைகள் இருந்தன. எனவே 1972இல் இவ்விவரங்களை வெளியிடுவதையே நிறுத்தினர். அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்தது. சூரிய ஆற்றலை நாடிய வேளையில், கையிலிருந்த எண்களை நம்ப முடியவில்லை.

நண்பகலின் சாட்சி

கடந்துபோன வெயிலை மீண்டும் அளக்க முடியுமா? முடியாது. ஆனால் இயற்பியல் ஒரு வழி காட்டியது. ஓர் ஊரில் குறிப்பிட்ட நாளின் நண்பகலில் சூரியனின் உயரம் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றே. வானம் தெளிவாக இருந்தால் கதிர்வீச்சும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும். அது ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே போனால் குற்றவாளி யார்? கருவிதான். இந்த அடிப்படையில் பழைய எண்களைத் திருத்தினர்.

இப்படி 26 நிலையங்களுக்கு உருவானவையே ‘சோல்மெட்’ காந்தநாடாக் கோப்புகள். அவற்றில் பாராட்டத்தக்க ஒரு செயலைக் காண்கிறோம். திருத்திய பின் பழைய எண்ணை அழிக்கவில்லை. கருவி காட்டிய எண், கருவியின் குறைகளுக்காகத் திருத்திய எண், தெளிந்த நண்பகலைக் கொண்டு திருத்திய எண் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி இடம் தந்தனர்.

தைத்த ஆண்டு

1978இல் சாண்டியா ஆய்வுக்கூடத்தார் இன்னொரு படி சென்றனர். பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து மிகவும் இயல்பான ஒரு ஜனவரி, மிகவும் இயல்பான ஒரு பிப்ரவரி எனப் பன்னிரண்டு மாதங்களைப் பொறுக்கி, ஓர் ‘இயல்பு வானிலை ஆண்டை’த் தைத்தனர். இருபது முப்பது ஆண்டுகளின் கணக்கை ஒரே கோப்பில் முடிக்கலாம். ஆனால் அப்படி ஓர் ஆண்டு நடந்ததே இல்லை! கடும் மழையையோ நீண்ட மேகமூட்டத்தையோ அதில் தேடுவது வீண்.

1995இல் 239 இடங்களுக்கு வெளியான இரண்டாம் தொகுப்பில், எண்களுடன் இரு குறியீடுகளும் இடம்பெற்றன: எண் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு ஐயம் உண்டு என்பன அவை.

மாணவ நண்பர்களே! செய்முறைக் குறிப்பேட்டில் தவறான அளவீட்டை அழிப்பானால் தேய்க்காதீர்கள், ஒரு கோடிட்டு அருகில் புதியதை எழுதுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது ஏன் என இப்போது விளங்குகிறதா? கோப்பைத் திருத்தும்போதும் மூலத்தை அப்படியே வைத்து, திருத்தியதை வேறு பெயரில் சேமியுங்கள். செய்த திருத்தத்தையும் அதிலேயே குறித்துவையுங்கள். நம் திருத்தமே தவறாக இருந்தால், திரும்பிச் செல்ல அந்த மூலம் ஒன்றே வழி.