புத்தகம் முடியல... சீரிஸ் முடிஞ்சிடுச்சு! - 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ரசிகர்களின் தீராத பஞ்சாயத்து

ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டினின் ஐந்தாவது நாவல் வந்தது 2011-ல். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' சீரிஸ் ஹெச்.பி.ஓ-வில் தொடங்கியதும் அதே வருஷம்தான். ஆறாவது நாவலுக்கு இன்னும் வெயிட்டிங்!

ஜான் ஸ்னோவின் அம்மா யார்? முதல் நாவலில் சிதறிக்கிடந்த குறிப்புகளை வைத்தே 'லியானா ஸ்டார்க்' எனக் கணித்தார்கள் ரசிகர்கள். 2016-ல் ஆறாவது சீசன் அதை உறுதிசெய்ய, ஒரே கொண்டாட்டம்.

2019-ல் வந்த கடைசி சீசனோ வெறும் 6 எபிசோடுகள். அதை மறுபடி எடுக்கச் சொல்லி, 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆன்லைன் மனுவில் கையெழுத்திட்டனர். டேனரிஸ் நகரத்தை எரித்ததுகூடப் பலருக்குப் பிரச்னை இல்லை. அதற்கான காரணத்தைப் படிப்படியாகச் சொல்லாமல் அவசரப்பட்டதுதான் கோபம்.

வரிக்கு வரி தடயம் தேடிப் பழகியவங்க ஆச்சே... சும்மா விடுவாங்களா?