இது ஏன் அதில கொழுவாது? பொருந்தாத முனைகளின் வரலாறு

ரேடியோ ஸ்கானர் ஒரு கேட்கும் பெட்டி. அது பேசாது. தீயணைப்புப் படை, விமானம், கப்பல் என்று ஒவ்வொரு அலைவரிசையாகத் தாவிப் போய், எங்கே யாராவது கதைக்கிறார்களோ அங்கே நின்று கேட்கும். அமெரிக்காவில் இது பல வருசமாக நடக்கிற ஒரு பொழுதுபோக்கு. அதில் இறங்கிற ஆக்களுக்கு ஒரு தலையிடி கட்டாயம் வரும். கூரையில அன்ரெனா, அறையில ஸ்கானர், நடுவில காசு குடுத்து வாங்கின தடித்த கேபிள். மூன்றுமே நல்ல சாமான். ஆனால் ஒன்றின் முனை மற்றதில கொழுவாது.

கடைக்காரருக்கு இது ஒரு அடப்டரோட முடியிற பிரச்சினை. கலைப்பீடத்தில் இருக்கிற எங்களுக்கு அங்கேதான் கேள்வியே தொடங்குது. ஒரே வேலையைச் செய்ய ஏன் இத்தனை வகை முனைகள்? இதை எல்லாம் ஆர், யாருக்காகச் செய்தார்கள்?

முதலில் கேபிள். நடுவில் ஒரு செப்புக் கம்பி, அதைச் சுற்றிக் காப்பு, அதற்கு மேல் உலோகக் கவசம், வெளியே பிளாஸ்டிக் தோல். இதைத்தான் கோஅக்சியல் கேபிள் என்கிறோம். எங்கட வீட்டு ரீவிக்குப் பின்னால வாற வயரும் இதே குடும்பம்தான். இந்த அமைப்புக்கு 1880இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் ஒலிவர் ஹெவிசைட். தந்தி ஒப்பரேட்டராக வேலை பார்த்தவர், பல்கலைக்கழகம் போகாதவர், கணிதத்தைத் தானாகவே படித்தவர். அரை நூற்றாண்டு கழித்து, 1929இல், அமெரிக்காவின் ஏ.டி. அன்ட் டி. கம்பனியைச் சேர்ந்த லொயிட் எஸ்பென்ஷீட், ஹேர்மன் அஃபெல் இருவரும் இதை ஒரே நேரத்தில் பல அழைப்புகளைக் காவும் தொடர்பு வழியாக மாற்ற விண்ணப்பித்தார்கள். 1936இல் நியூயோர்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் இடையில் ஒரு பரீட்சார்த்தக் கேபிளும் போடப்பட்டது.

கேபிள் என்றால் முனை வேணும். 1930களில் அம்ஃபெனோல் கம்பனியின் கிளார்க் குவாக்கன்புஷ் செய்தது யு.எச்.எஃப். கொனெக்டர். அமெரிக்க இராணுவம் அதன் பிளக்குக்கு பி.எல்.-259 என்றும் சொக்கட்டுக்கு எஸ்.ஓ.-239 என்றும் இலக்கம் போட்டது. பெயரில ஒரு பகிடி இருக்கு. அந்தக் காலத்தில் 30 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே இருந்ததெல்லாம் 'அதியுயர்' அலைவரிசைதான். இன்றைக்கு யு.எச்.எஃப். என்றால் 300இல் இருந்து 3000 மெகாஹேர்ட்ஸ் வரை. அங்கேதான் இந்த முனை தடுமாறும். பெயர் அப்படியே நின்றுவிட்டது, அது குறித்த பொருள் நகர்ந்துவிட்டது.

இரண்டாம் உலக யுத்தமும் ராடரும் வந்தபோது இதைவிட நல்ல முனை தேவைப்பட்டது. 1940களில் பெல் ஆய்வுகூடத்தின் போல் நீல் செய்தது 'என்' கொனெக்டர். திருகிப் பூட்டுவது, உள்ளே வளையம் இருப்பதால் தண்ணி போகாது. அம்ஃபெனோலின் கார்ல் கொன்செல்மன் செய்தது 'சி' கொனெக்டர். இரண்டு பேரின்ர முதலெழுத்தும் சேர்ந்து வந்த சின்னப் பிள்ளைதான் பி.என்.சி. முதலெழுத்தான 'பி', பயனெற் என்பதற்கு. துப்பாக்கி முனையில் கத்தி பூட்டுவது மாதிரித் தள்ளித் திருப்பினால் பூட்டுப்படும். ஆனால் இதன் காப்புரிமை ஹேசல்டைன் நிறுவனத்தின் ஒக்டேவியோ சலாட்டியின் பெயரில் 1951இல் கிடைத்தது. அவருடைய பெயர் அந்த மூன்று எழுத்திலும் இல்லை. 'பிரிட்டிஷ் கடற்படைக் கொனெக்டர்' என்று அதற்கு விளக்கம் சொல்பவர்களும் உண்டு. அது பிறகு கட்டின கதை.

இப்ப ஸ்கானருக்கு வருவோம். பல ஸ்கானர்களில் இருப்பது பி.என்.சி. சில பழைய மேசை ஸ்கானர்களில் கார் ரேடியோவுக்கு வந்த மோட்டரோலா முனை. புதிய கையடக்க ஸ்கானர்கள் பலவற்றில் 1960களில் வந்த எஸ்.எம்.ஏ. ஆனால் இழப்புக் குறைந்த கேபிளுக்கு வழமையாகப் போடுவது 'என்' அல்லது பி.எல்.-259. காரணம் தடிப்பு. எல்.எம்.ஆர்.-400 என்ற கேபிளின் விட்டம் சுமார் 10.3 மில்லிமீற்றர். யுத்தகால ஆர்.ஜி.-8 கேபிளின் அதே அளவு. புதுக் கேபிளும் பழைய அளவுக்குள்ளதான் பிறந்திருக்கு.

தடிப்பு ஏன் தேவை? 450 மெகாஹேர்ட்ஸில் 30 மீற்றர் மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிளில் சுமார் 10 டெசிபல் இழப்பு. அதாவது பத்தில் ஒரு பங்குதான் கீழே வந்து சேரும். எல்.எம்.ஆர்.-400இல் இழப்பு 2.7 டெசிபல் அளவில். பாதிக்கு மேல் வந்துவிடும். இந்தக் கணக்கில் ஒரு நல்ல அடப்டரின் இழப்பு மிகச் சிறியது. 50 ஓம் ஸ்கானரில 75 ஓம் ரீவி கேபிளைக் கொழுவினாலும் அந்த இணைப்பில் திரும்பிப் போவது சுமார் 4 சதவீதம்தான். ஆபத்து வேற இடத்தில். தடித்த கேபிளை அடப்டரோட நேரே ஸ்கானரில கொழுவினால் அதன் பாரம் சின்னச் சொக்கட்டை நெம்பிப் போடும். அதனால் கடைசி ஒரு முழத்துக்கு மெல்லிய கேபிள் துண்டு ஒன்றை நடுவில் விடுவார்கள். வெளியே மழையில் நிற்கிற அன்ரெனாப் பக்கத்துக்கு 'என்' நல்லது. பி.எல்.-259 தானாகத் தண்ணியைத் தடுக்காது. சுற்றிக் கட்ட வேணும்.

இதுவரை சொன்ன பொருந்தாமை தற்செயலானது. ஒவ்வொரு நிறுவனமும் தன் தன் தேவைக்குச் செய்தது. வேண்டுமென்றே செய்த பொருந்தாமையும் உண்டு. சாதாரண ஆக்கள் வைஃபை போன்ற கருவிகளில் வேறு அன்ரெனா பூட்டக்கூடாது என்று, தனித்துவமான முனை போடும்படி அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழுவின் விதி கேட்டது. கம்பனிகள் எஸ்.எம்.ஏ.யின் நடு ஊசியையும் துளையையும் இடம் மாற்றின. பிறகு அந்த மாற்றின முனையும் எல்லாக் கடைக்கும் வந்துவிட்டது. விதியின் நோக்கம் போய்விட்டது, குழப்பம் மட்டும் மிஞ்சியது. இன்றைக்குத் தெரியாமல் அதை வாங்குபவருக்குத் திருகு சரியாக ஏறும். ஆனால் உள்ளே ஊசிக்கு ஊசி முட்டும், அல்லது துளையைத் துளை பார்த்துக்கொண்டு நிற்கும். சத்தம் வராது.

தொழில்நுட்பம் என்றால் நடுநிலையானது, அரசியல் இல்லாதது என்று எங்களில் கனபேர் நினைக்கிறோம். ஒரு அடப்டரைக் கையில் எடுத்துப் பார்த்தால் அப்படிச் சொல்லேலாது. ஒரு பக்கம் ராடர் யுத்தம், மறுபக்கம் கார்க் கம்பனி அல்லது ஒரு சட்டப் பிரிவு. வீட்டில இருந்து சும்மா கேட்க விரும்புகிற மனிசரை நினைத்து இவற்றில் ஒன்றும் செய்யப்படவில்லை. இரண்டு முனைக்கும் நடுவில் நின்று சரிக்கட்டுவது அவருடைய வேலையாகிவிட்டது. அதற்கான காசும் அவருடையதுதான்.