கள்ளியும் சப்பாத்தியும்

புதுக்கவிதையில் வறட்சியைச் சொல்ல வேண்டியபோதெல்லாம் ஒரு கள்ளி முளைத்துவிடுகிறது. தட்டை தட்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக, அட்டைப்பட ஓவியனுக்கும் வசதியான உருவம். அதைக் கண்டதும் விமர்சகன் பாலைத் திணை என்கிறான், குறுந்தொகையிலிருந்து ஒரு தொடர்ச்சியைக் காண்கிறான். குறுந்தொகையில் கள்ளி உண்டு. புறநானூற்றின் சுடுகாட்டிலும் உண்டு. ஆனால் அட்டைப்படத்துக் கள்ளி அங்கே இருக்க முடியாது. அது அமெரிக்கச் செடி. கொலம்பஸ் கடல் கடந்த 1492க்கு முன் தமிழ்நாட்டில் யாரும் அதைப் பார்த்திருக்க வழியில்லை.

சங்கப் புலவன் கண்ட கள்ளி சதுரக்கள்ளி போன்றது, ஆமணக்கின் குடும்பம். ஒடித்தால் பால் வடியும். சப்பாத்திக்கள்ளியை ஒடித்தால் பசபசவென்று நீர்தான் கசியும், பால் வராது. சேலம் மாவட்டத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்த காலத்தில் கள்ளிப்பால் என்ற சொல் பத்திரிகைகளில் அடிபட்டது. பக்கத்தில் சப்பாத்திக்கள்ளியின் படத்தைப் போடுகிறவர்கள் இன்றும் உண்டு. ஒரு கொலையைப் பற்றிப் பேசும்போதுகூட எந்தச் செடி என்று பார்க்காத கண் கவிதையில் மட்டும் பார்த்துவிடுமா என்ன?

சொல் இப்படி ஏமாற்றுவது எவ்வாறு என்பதைக் கொல்லிமலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் பார்க்கலாம். ஊர்ப்பெயரின் பின்பாதியான குறிச்சி, குறிஞ்சி நிலத்துச் சிற்றூருக்கான பழஞ்சொல். மேலே வல்வில் ஓரியின் மலை. கீழே மானாவாரிக் காடு. மளிகைச் சரக்குக்குப் பெயர்போன சந்தை இந்த ஊருடையது. கொல்லிமலை மிளகும் வரும், மிளகாய் வற்றலும் வரும். மிளகைத் தேடித்தான் போர்த்துக்கீசியன் வந்தான். மிளகாய் அவன் கப்பலில் வந்தது. காரமாக இருந்ததால் மிளகின் பெயரையே ஒட்டி மிளகாய் என்றோம். இன்று மிளகாயை அந்நியம் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். முள்ளும் சதைப்பற்றும் கண்ட இடத்தில் கள்ளி என்றதும் இதே காரியம்தான். முன்பாதியான சப்பாத்திக்கு ரொட்டி என்று ஒரு விளக்கம். சப்பாத்து என்ற போர்த்துக்கீசிய மிதியடி என்று இன்னொரு விளக்கம். எதை எடுத்தாலும் முன்பாதி வந்தேறி. பின்பாதி அதை மறைத்துவிட்டது. சீமைக்கருவேலுக்கு இந்தப் பாக்கியம் கிட்டவில்லை. பெயரிலேயே 'சீமை' ஒட்டிக்கொண்டதால் நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டது.

சப்பாத்தியின் சரித்திரம் ஒரு சாயத்தின் சரித்திரம். மெக்ஸிக்கோவில் நொப்பால் என்ற சப்பாத்தி இனத்தின் மேல் வளரும் பூச்சியைக் காயவைத்து அரைத்தால் கோச்சினீல் என்ற சிவப்பு. இங்கிலீஷ் ராணுவ அதிகாரியின் சிவப்புக் கோட்டு இந்தச் சாயத்தில் தோய்ந்தது. வியாபாரமோ ஸ்பெயினின் கையில். உயிருள்ள பூச்சியை வெளியே விடமாட்டார்கள். சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786இல் இங்கேயே அப்படி ஒரு பூச்சியைக் கண்டதாக நம்பி லண்டனுக்கு, ஜோசப் பாங்க்ஸுக்கு, எழுதினார். அது சாயப்பூச்சி இல்லை. கடிதங்கள் மட்டும் 1788இல் புத்தகமாயின. சைதாப்பேட்டையில் நொப்பால் தோட்டம் போட்டார்கள். கியூவிலிருந்து செடி வந்தது, பூச்சி வரவில்லை. 1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி கொண்டுவந்தார். அது காட்டு ரகம், மட்டச் சாயம். தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் பார்த்துக்கொண்டிருக்க, சீராட்டி வளர்த்த நொப்பாலை விட்டுவிட்டு, அதற்கு முன்பே நாட்டில் வேலியாகிவிட்டிருந்த பிரேசில் சப்பாத்தியை அது தின்றது. சாயத்தொழில் படுத்தது. ஆண்டர்சனுக்குச் சென்னை ஜார்ஜ் தேவாலயத்தில் சான்ட்ரி செதுக்கிய சிலை இருக்கிறது.

தோல்வியில் ஒரு லாபம் இருந்தது. பூச்சி போன இடத்தில் சப்பாத்தி செத்தது. 1836க்கும் 1838க்கும் இடையில் வடக்கேயிருந்து தென்னிந்தியாவுக்கு, இந்த முறை சாயத்துக்காக இல்லை, செடியைக் கொல்வதற்காகவே கொண்டுவந்து விட்டார்கள். ஒரு களையை அழிக்கப் பூச்சியை வேண்டுமென்றே கொண்டுபோனதற்கு முதல் உதாரணமாகப் பூச்சியியல் நூல்கள் குறிப்பது இதைத்தான். 1865 வாக்கில் இலங்கைக்கும் போயிற்று. சிலோனிகஸ் என்று இலங்கையின் பெயர் அதற்கு ஒட்டியது. பிரேசில் பூச்சி, இலங்கைப் பெயர்! நம் கள்ளியைக் குறை சொல்வானேன்?

ஆனால் சப்பாத்தி ஒன்றல்ல. பிரேசில் இனம் போன இடத்தைக் கரீபியக் கரைகளின் இனம், மஞ்சள் பூவும் சிவந்த பழமும் உடையது, பிடித்துக்கொண்டது. முதல் பூச்சி இதைத் தொடவில்லை. வேலிக்கு வைத்தது வயலுக்குள் வந்தது. வெட்டினால் வெட்டிய துண்டெல்லாம் வேர்விட்டது. புறம்போக்கிலும் ஊர் ஓரத்திலும் பாம்புக்கும் பன்றிக்கும் மறைவிடம். அழிக்கப் போன கூலியாளின் கையில்தான் முள். அதே சமயம் பஞ்சத்தில் முள்ளைச் சுட்டுப் பொசுக்கி மாட்டுக்குப் போட்டதும், பழத்தைத் தரையில் தேய்த்து முள்போக்கிப் பிள்ளைகள் உதடு சிவக்கத் தின்றதும் இந்தச் செடியைத்தான். துரைமார் காகிதங்களில் இது தொல்லை மட்டுமே. ஊருக்கு அப்படி ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாத உறவு.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதை, இன்னும் பெரிய அளவில். 1788இல் முதல் கப்பல்களோடு ஆர்தர் பிலிப் சாயத்துக்கென்று சப்பாத்தியைக் கொண்டுபோனார். பிறகு வந்த வேறு சப்பாத்தி இனங்கள் 1920களில் 6 கோடி ஏக்கரைப் பிடித்திருந்தன. அங்கே தருவித்துச் சோதித்த ஒரு பூச்சி 1924இல் இலங்கைக்கும், அங்கிருந்து 1926இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில ஆண்டுகளில், தலைமுறைகளாக வெட்டித் தீராத புதர்கள் வெள்ளைப் பஞ்சு படிந்து அழுகிச் சரிந்தன. பக்கத்திலேயே நின்ற சதுரக்கள்ளியைப் பூச்சி சீண்டவில்லை. பெயர் ஒன்று என்பதால் மனிதன் ஏமாந்தான். பூச்சிக்குப் பெயர் தெரியாது.

எலியட் 'ஹாலோ மென்'னை வெளியிட்டது 1925இல். கள்ளி நிலம் என்ற படிமம் அங்கிருந்து நமக்கும் வந்தது என்பதே என் எண்ணம். மறு ஆண்டே இங்கே நிஜச் சப்பாத்தி சாகத் தொடங்கியது. 1959இல் 'எழுத்து' தொடங்கிக் கவிதைக்குள் வறண்ட நிலம் பரவியபோது, வெளியே அந்தப் புதர்கள் பெருமளவுக்குப் போய்விட்டிருந்தன. ஆக, நம் கவிஞன் பார்த்து எழுதியதைவிடப் படித்து எழுதியது அதிகம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மண்ணின் குரல் என்று அதற்குச் சான்றிதழ் தருகிற விமர்சனத்தைத்தான் சொல்கிறேன்.

இன்று தொட்டிச் செடியாக மறுபடி வருகிறது. முயல் காது போன்ற ஒரு மெக்ஸிக்கோ இனம் மாடிகளிலும் மேசைகளிலும் அழகுக்கு நிற்கிறது. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அது தடைசெய்யப்பட்ட களை. ஒரு மடல் உதிர்ந்து மண்ணில் பட்டால் போதும், வேர்விடும். கொல்லிமலைச் சரிவில் இன்று புதராக மண்டியிருக்கும் உண்ணிச்செடியும் 1809இல் கல்கத்தாத் தோட்டத்துக்குப் பூவுக்காக வந்ததுதான். இன்னொரு பக்கம், முள் இல்லாத சப்பாத்தியை வறட்சித் தீவனமாக நடச்சொல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் ஊக்கம் தருகின்றன. அந்த இனத்தின் பழத்தோட்டங்களை மொராக்கோவில் 2014 முதல் ஒரு பூச்சி தின்று அழித்துவருகிறது. 1926இல் இலங்கையிலிருந்து நாம் வரவழைத்த அதே இனம். இங்கே மிஞ்சியிருக்கும் சப்பாத்திப் புதர்களில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.