தில்லி – லே விமானப் பயணம்: தொலைவு 620 கி.மீ., நேரம் சுமார் ஒன்றேகால் மணி

தில்லி இந்திரா காந்தி பன்னாட்டு விமான நிலையத்துக்கும் லடாக்கின் லே நகரில் உள்ள குஷோக் பகுலா ரின்போச்சே விமான நிலையத்துக்கும் இடையேயான வான்வழித் தொலைவு சுமார் 620 கிலோமீட்டர் ஆகும். நேரடி விமானங்கள் இத்தொலைவை ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் கடக்கின்றன. மணாலி வழியாகச் சாலையில் சென்றால் தொலைவு ஆயிரம் கிலோமீட்டரைத் தொடும்; வழியில் இரண்டு இரவுகளாவது தங்க நேரிடும்.

ஸ்ரீநகரில் இருந்து லே நகருக்கு வான்வழித் தொலைவு 260 கிலோமீட்டருக்கும் குறைவு. சாலை வழியாகவோ 420 கிலோமீட்டருக்கு மேல் பயணிக்க வேண்டும். அப்பாதையில் உள்ள சோஜிலா கணவாய் பனிப்பொழிவால் குளிர்காலத்தில் மூடப்படுவது வழக்கம். 2020-இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை ரோத்தாங் கணவாயைத் தவிர்க்க உதவினாலும், அதற்கு அப்பால் உள்ள பாரலாச்சா லா போன்ற உயர்ந்த கணவாய்களால் மணாலி சாலையும் குளிர்காலத்தில் பயன்படுவதில்லை. அம்மாதங்களில் உயர் சிகிச்சைக்காக வெளியூர் செல்ல வேண்டிய நோயாளிகள் உள்பட லே மக்கள் பெரிதும் நம்பியிருப்பது விமானத்தையே.

அந்த விமானமும் நினைத்த நேரத்தில் கிடைக்காது. மலைகளுக்கு நடுவே சிந்து நதிப் பள்ளத்தாக்கில் அமைந்துள்ள லே விமான நிலையத்தில், பிற்பகலில் காற்று வலுப்பதால் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே இயக்கப்படுகின்றன. காலையில் மேகமூட்டத்தால் விமானம் ரத்தானால், பயணிகள் பொதுவாக மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதுதான். கடல் மட்டத்தில் இருந்து 3,256 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், விமானம் மேலெழ அதிக ஓடுபாதை தேவைப்படுகிறது. வெப்பம் மிகுந்த நாள்களில் சுமையைக் குறைக்கவும் நேரிடுகிறது.

லே நகரில் முதல் விமானம் தரையிறங்கியது 1948 மே 24-இல். விமானப் படை அதிகாரி மேஹர் சிங் ஓட்டிய அந்த டகோட்டா விமானத்தில் மேஜர் ஜெனரல் திம்மய்யாவும் பயணித்தார்.

குறுகிய பயண நேரமே உடலுக்குச் சிக்கலாகவும் அமைகிறது. சுமார் 240 மீட்டர் உயரத்தில் உள்ள தில்லியில் புறப்படும் பயணி, ஒன்றேகால் மணி நேரத்தில் 3,000 மீட்டர் மேலே சென்றுவிடுகிறார். பறக்கும்போது விமானத்துக்குள் பேணப்படும் காற்றழுத்தம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்துக்கு உரியதைவிடக் குறையாது. எனவே மற்ற ஊர்களில் நிகழ்வதற்கு மாறாக, லே நகரில் தரையிறங்கிய பின்னரே பயணிக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் மேலும் குறைகிறது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை உயர நோயின் தொடக்க அறிகுறிகள். ஓய்விலும் மூச்சுத் திணறல் நீடித்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விமானத்தில் வருவோர் முதல் 48 மணி நேரம் லே நகரிலேயே ஓய்வெடுக்க வேண்டும் என அறிவுறுத்தப்படுகிறது. நுப்ரா, பாங்காங் செல்லும் திட்டத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வதே நல்லது.

சென்னையில் இருந்து செல்வோர் பெரும்பாலும் தில்லியில் விமானம் மாறுகின்றனர். சென்னை – தில்லி வான்வழித் தொலைவு சுமார் 1,760 கிலோமீட்டர். பயண நேரம் இரண்டே முக்கால் மணி. லே விமானங்கள் அதிகாலை முதலே புறப்படுவதால், முந்தைய நாள் இரவே தில்லியை அடைவது பாதுகாப்பானது.