கரும்புத் தீவின் கணக்கு

தாராபுரத்துக்காரர்களாகிய எங்களுக்குக் கொஞ்சம் பழம்பெருமை உண்டு. 1799-ல் திப்பு மாண்டு, கொங்குநாடு கும்பினியார் கைக்கு வந்தபோது, கோயமுத்தூர்ச் சீமையை இரண்டாகப் பிரித்துப் பவானியில் ஒரு கலெக்டரையும் தாராபுரத்தில் ஒரு கலெக்டரையும் உட்கார வைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். பெரிய ராஜ்யத்தின் பேரேட்டில் ஒரு சின்ன இடம் எப்படி ஏறும், எப்படி அடிபடும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, சின்ன நாடுகளின் சரித்திரத்தில் எனக்கு ஒரு ஈடுபாடு. அவற்றிலும் மொரீஷியஸ் தீவின் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இந்து மகாசமுத்திரத்தில், ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இருக்கிறது அந்த நாடு. பரப்பு சுமார் 2,040 சதுர கிலோமீட்டர். எங்கள் திருப்பூர் மாவட்டத்தில் பாதிகூட இல்லை. ஜனத்தொகை சுமார் பன்னிரண்டரை லட்சம். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1810-ல் பிரிட்டிஷார் அதைப் பிடித்தார்கள். பிடித்தார்களே தவிர, அங்கிருந்த சட்டத்தையும் மதத்தையும் வழக்கத்தையும் அப்படியே விட்டுவைப்பதாக வாக்குக் கொடுத்தார்கள். ஆகவே கோட்டையில் பறந்தது பிரிட்டிஷ் கொடி. கரும்புத் தோட்டம் பிரெஞ்சுத் துரைமாருக்கு. ஆட்சி ஒருவர் கையிலும் சொத்து இன்னொருவர் கையிலும் இருந்த விசித்திரமான குடித்தனம் அது.

1835-ல் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. நஷ்டஈடாகச் சுமார் இருபது லட்சம் பவுன் பட்டுவாடா ஆயிற்று. யாருக்கு என்கிறீர்கள்? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு! விடுதலை பெற்றவனுக்குக் காலணா இல்லை. அவன் தோட்டத்தை விட்டு வெளியேறினான். அவன் இடத்துக்கு நம் ஜனங்கள் வந்தார்கள்.

அமராவதிப் பாசனத்தில் கரும்பு போடுகிறவர்களுக்குக் கரும்பின் குணம் தெரியும். வெட்டிய கரும்பு காத்திருக்காது. நாள் கடந்தால் எடை குறையும், சாறு கெடும். கரும்பின் அவசரம் கூலிக்காரன் முதுகில் விழுந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம். ஆணுக்கு மாதம் ஐந்து ரூபாய்ச் சம்பளம். ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்வார்கள். 1834 முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் போர்ட் லூயியில் போய் இறங்கினார்கள். அவர்கள் ஏறிய கருங்கற்படிகளை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

1943 செப்டம்பரில் பெல் வியூ ஹாரல் என்ற தோட்டத்தில் கூலித் தகராறு வந்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி அஞ்சலை. வயிற்றில் பிள்ளையோடு இருந்தவள். தென்னாற்காட்டுக் கிராமத்தில் வீட்டுக்கு ஒரு அஞ்சலை உண்டு. அந்தப் பெயர் இன்று அந்தத் தீவின் பெரிய விளையாட்டு மைதானம் ஒன்றுக்குச் சூட்டப்பட்டிருக்கிறது.

அவள் இறந்து நாலு வருஷத்தில் புது அரசியல் சட்டம் வந்தது. சொத்துள்ளவனுக்குத்தான் ஓட்டு என்றிருந்தது போய், எளிய வாக்கியங்களை எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றாயிற்று. ஆங்கிலம், பிரெஞ்சு மட்டுமல்ல, தமிழிலே எழுதினாலும் செல்லும்! சுமார் 12 ஆயிரமாக இருந்த வாக்காளர் தொகை 1948 தேர்தலில் 70 ஆயிரத்தைத் தாண்டியது. பகலெல்லாம் வெட்டுக்கத்தி பிடித்த கை ராத்திரி விளக்கடியில் எழுத்துக் கூட்டிய பலன் அது. 1959-ல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்தது.

ஆனால் ஓட்டு வயிற்றை நிரப்பாதே! ஜேம்ஸ் மீட் என்ற பொருளாதார மேதை, பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர், தீவுக்கு வந்து ஆராய்ந்து 1961-ல் அறிக்கை கொடுத்தார். மலேரியா ஒழிந்ததால் ஜனங்கள் பெருகுகிறார்கள். ஏற்றுமதியில் பத்து ரூபாய்க்கு ஒன்பது ரூபாய்க்கு மேல் சர்க்கரைதான். வேலைக்கு வழி எங்கே என்று கவலைப்பட்டார். 1967 தேர்தலில் நூற்றுக்கு 44 பேர் சுதந்திரத்தை எதிர்த்த கட்சிக்கு ஓட்டளித்தார்கள். 1968 ஜனவரியில் தலைநகரில் வகுப்புக் கலகம். பிரிட்டிஷ் பட்டாளம் வந்து அடக்கிற்று. இரண்டு மாதத்துக்குள், மார்ச் 12-ந் தேதி, சுதந்திரக் கொடி ஏறியது. இதைவிட மோசமான முகூர்த்தம் உண்டா?

ஜோசியம் பொய்த்தது. 1970-ல் ஏற்றுமதி ஆலைகளுக்குச் சலுகை கொடுத்தார்கள். ஹாங்காங் முதலாளிகள் வந்தார்கள். கம்பளிப் பின்னலாடை ஆலைகள் எழுந்தன. குறைந்த கூலிக்குப் பெண்கள் உழைத்தார்கள். பனியன் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. 1975-ல் ஐரோப்பாவோடு ஓர் உடன்படிக்கை: ஆண்டுக்கு 5 லட்சம் டன்னை ஒட்டிய சர்க்கரைக்கு உறுதியான நல்ல விலை. சர்க்கரை லாபத்தில் சர்க்கார் வரி போட்டது. அந்தப் பணம் பள்ளிக்கூடத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும், முதியோர் பென்ஷனுக்கும் போயிற்று. சுதந்திரத்துக்குப் பின் பல ஆண்டுகள் நிதி மந்திரியாக இருந்த சர் வீராசாமி ரிங்காடு, தமிழ் வம்சத்தவர். 1992-ல் நாடு குடியரசானபோது அவரே முதல் ஜனாதிபதி.

பிறகு ஐரோப்பியச் சலுகையும் முடிந்தது. ஆடை வியாபாரத்தில் போட்டி வந்தது. தீவு உல்லாசப் பயணத்துக்கும் வரிச் சலுகை நிதித் தொழிலுக்கும் திரும்பியது. இந்தியாவுக்கு வந்த அந்நிய முதலீட்டில் பெரும்பங்கு அந்தத் துளித் தீவின் விலாசத்தில் வந்தது வேடிக்கைதான். 2016-ல் இந்தியா ஒப்பந்தத்தைத் திருத்தி அந்த வாசலைக் குறுக்கிவிட்டது.

இத்தனைக்கும் அடிப்படை என்ன? பங்கீடு என்பேன். அவர்களுடைய சட்டசபைக்கு 62 பேரை ஜனங்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதோடு எட்டு இடங்கள் வரை, தோற்றவர்களில் நன்றாகத் தோற்றவர்களுக்கு உண்டு! எந்த வகுப்புக்கு ஆள் குறைவோ அதற்கு அந்த இடம். 1982-லும், 1995-லும், 2024-லும் பிரதான தீவின் 60 இடங்களையும் ஒரே அணி அள்ளிக்கொண்டது. அப்போதும் எதிர் வரிசை காலியாகிவிடவில்லை. சிறுபான்மைக்காரன் வெளியே நின்று கல்லெறிவதைவிட உள்ளே உட்கார்ந்து கூச்சல் போடுவது நாட்டுக்கு நல்லது அல்லவா?

இதற்கும் விலை உண்டு. வேட்பாளர் தம் வகுப்பைச் சொல்லியாக வேண்டும். வகுப்புக் கணக்கோ, 1972 ஜனக்கணக்கோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அரை நூற்றாண்டுக்கு முந்திய தொகையை வைத்தே பங்கு பிரிக்கிறார்கள். இப்படிக் கட்டாயப்படுத்துவது தவறு என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2012-ல் சொல்லிற்று. 2014 தேர்தலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். நிரந்தர முடிவு எடுக்கத் துணிவு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு அவர்களுடைய ரூபாய் நோட்டே சாட்சி. அதில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் உண்டு; நம் நாட்டு நோட்டில்கூடத் தமிழ் எண் கிடையாது. 1998-ல் புது நோட்டு அடித்தபோது தமிழ் வரியைக் கீழே இறக்கி, இந்தியை மேலே ஏற்றிவிட்டார்கள். தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தார்கள். அங்கே தமிழை வீட்டில் பேசுகிறவர்கள் மிகச் சிலர். ஒரு வரிக்காக இத்தனை செலவா என்று சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதம் ஐந்து ரூபாய்க்குக் கைநாட்டு வைத்தவனின் பேரப்பிள்ளைகள், தம் ரூபாயில் தம் எழுத்து எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். சர்க்காரும் காது கொடுத்துக் கேட்டது.