40 வயசுல பல்லுக்கு கிளிப் போடலாமா? கல்லல் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

"பிள்ளைங்களே காலேஜ் போயாச்சு, இனிமே பல்லுக்கு கிளிப்பா?" கோணல் பல்லோடு பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டவர்கள், அதைச் சரி செய்யலாமா என்று வாயைத் திறந்தாலே வீட்டில் வரும் முதல் கேள்வி இதுதான். சிரிக்கும்போது கையால் வாயை மூடுவது, போட்டோவில் உதட்டை இறுக்கிக்கொள்வது எல்லாம் பலருக்குப் பழகிப்போன விஷயம்.

கிளிப் போட வயது ஒரு தடை இல்லை. ஈறும் தாடை எலும்பும் ஆரோக்கியமாக இருந்தால் 40-லும் போடலாம், 60-லும் போடலாம். ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸ் 2002-ல் பல்லில் கிளிப்போடு காணப்பட்டபோது அவருக்கு ஏறக்குறைய 40 வயது.

ஆனால் சிவகங்கை மாவட்டம் கல்லல் போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஒன்றரை முதல் இரண்டு வருடம், விடாமல் போய்வர முடியுமா? பணத்தைக் கட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

சின்ன வயசுல ஏன் போடல?

இன்று 40, 50 வயதில் இருப்பவர்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில், சின்ன ஊர்களில் பல் டாக்டர் என்றால் பல் பிடுங்குபவர் என்றுதான் பலருக்கும் தெரியும். வலி வந்தால் போவார்கள். வரிசை சரியில்லை என்பதற்காக யாரும் போனதில்லை.

தெத்துப்பல்லை அழகு என்றும் அதிர்ஷ்டம் என்றும் சொல்லி விட்டுவிட்ட வீடுகளும் உண்டு. ஜப்பானில் இதை 'யாஎபா' என்பார்கள். அங்கே சில ஆண்டுகளுக்கு முன் இளம்பெண்கள் காசு கொடுத்து செயற்கைத் தெத்துப்பல் வைத்துக்கொள்வதே ஒரு பேஷனாக இருந்தது.

சிகிச்சையும் ஒரு காலத்தில் இவ்வளவு எளிதாக இல்லை. ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்ட வேண்டியிருந்தது. பல்லின் மேற்பரப்பிலேயே சிறிய பிராக்கெட்டை ஒட்டும் முறையும், வளைத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் நிக்கல்-டைட்டானியம் கம்பியும் 1970-களில்தான் பல் மருத்துவத்தில் இடம் பிடித்தன.

கோணல் பல் எல்லாமே பிரச்சினையா?

இல்லை. நன்றாக மெல்ல முடிகிறது, இடுக்குகளைச் சுத்தம் செய்ய முடிகிறது, ஈறில் ரத்தம் வரவில்லை, பார்க்கவும் உங்களுக்கு உறுத்தவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். கிளிப் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது.

கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் பல் டாக்டரிடம் காட்டுவது நல்லது:

• பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பிரஷ் போகாத இடத்தில் சொத்தையும் காரையும் சேர்வது
• கீழ்ப்பல் மேல் அண்ணத்தில் குத்திப் புண்ணாவது
• சில பற்கள் மட்டும் மோதி மோதித் தேய்ந்துபோவது
• முன்பல் அதிகம் தூக்கியிருப்பதால் கீழே விழுந்தால் உடையும் நிலை

இன்னொரு முக்கியமான அறிகுறி உண்டு. இத்தனை நாள் ஒழுங்காக இருந்த முன்பல், 35, 40 வயதுக்கு மேல் திடீரென விலகி இடைவெளி விழுகிறதா? அது ஈறு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். எலும்பு கரைவதால் பல் பிடிமானம் இழந்து நகர்கிறது. அங்கே முதல் வேலை ஈறு சிகிச்சை. கிளிப் பற்றி அப்புறம்தான் யோசிக்க வேண்டும்.

பல் எப்படி நகருது?

பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கம்பி மெதுவாக அழுத்தம் கொடுக்கும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. அந்த இடைவெளியில் பல் நகர்கிறது.

இந்த வேலை உடம்பில் ஆயுள் முழுக்க நடக்கும். அதனால்தான் வயது தடை இல்லை என்கிறார்கள். ஆனால் வேகம் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். "மூணே மாசத்துல முடிச்சுத் தர்றோம்" என்று யாராவது எல்லாருக்கும் ஒரே மாதிரி உறுதி கொடுத்தால் உஷாராக இருக்க வேண்டும்.

பெரியவங்களுக்கு என்ன வித்தியாசம்?

சிறுவர்களுக்குத் தாடை வளர்ந்துகொண்டிருக்கும். அந்த வளர்ச்சியையே பயன்படுத்தித் திருத்த முடியும். பெரியவர்களுக்கு வளர்ச்சி முடிந்துவிடும். பல் மட்டும் கோணலாக இருந்தால் கிளிப் போதும். தாடையே முன்னால் துருத்தியோ உள்வாங்கியோ இருந்தால், சிலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும்.

சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும். முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளில் சில, பல் நகர்வதையும் பல் பிடுங்கிய இடம் ஆறுவதையும் பாதிக்கும்.

சிகிச்சையின்போது வேரின் நுனி கொஞ்சம் குறுகுவதும் உண்டு. பெரும்பாலும் அது சிறிய அளவில்தான் இருக்கும். ஆனாலும் எக்ஸ்-ரே எடுத்துக் கண்காணிக்க வேண்டும். நெருக்கமாக இருந்த பற்கள் நேராகும்போது, ஈறு ஓரத்தில் சின்ன முக்கோண இடைவெளி தெரியவும் வாய்ப்புண்டு.

எந்த கிளிப் போடலாம்?

உலோக கிளிப்: விலை குறைவு, சிக்கலான கோணலையும் திருத்தும். வெளியே பளிச்சென்று தெரியும்.

செராமிக் கிளிப்: பல் நிறத்தில் இருப்பதால் சட்டென்று தெரியாது. உலோகத்தைவிடச் சீக்கிரம் உடையும்.

அலைனர்: கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற உறை. ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். விலை அதிகம், பலருக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும்.

டாக்டரை நேரில் பார்க்காமலே ஆன்லைனில் ஆர்டர் போட்டு வாங்கும் அலைனரைத் தவிர்ப்பது நல்லது. ஈறு, எலும்பு நிலையைப் பார்க்காமல் பல்லை நகர்த்துவது ஆபத்து. அமெரிக்காவில் இப்படித் தபாலில் அலைனர் விற்ற 'ஸ்மைல் டைரக்ட் கிளப்' நிறுவனம் 2023 டிசம்பரில் திடீரென மூடப்பட்டது. பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

மேல்பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடுமா?

இந்தப் பயத்தாலேயே கிளிப்பை வேண்டாம் என்பவர்கள் பலர். இடம் போதாதபோது கோரைப்பல்லுக்கு அடுத்துள்ள சிறிய கடைவாய்ப்பல்லை எடுப்பது வழக்கம். மேல்பற்களுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல் எடுப்பதால் பார்வை போகாது.

எல்லோருக்கும் பல் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. எடுக்கச் சொன்னால் ஏன், எந்தப் பல், எடுக்காமல் வழி உண்டா என்று கேட்கலாம்.

கல்லலில் இருந்து எங்கே போவது?

கல்லல், காரைக்குடி - மானாமதுரை ரயில் பாதையில் உள்ள ஊர். கிளினிக், ஸ்கேன், எக்ஸ்-ரே என்று பெரும்பாலானவர்கள் காரைக்குடிக்கோ மதுரைக்கோதான் கிளம்புவார்கள்.

காரைக்குடியில் இருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் உள்ள புதுக்கோட்டையில், 2023 நவம்பரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மதுரையில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. கல்லூரி மருத்துவமனைகளில் செலவு பொதுவாகக் குறைவு, காத்திருப்பு கொஞ்சம் அதிகம். பெரியவர்களுக்கு கிளிப் சிகிச்சை கிடைக்குமா, எப்போது கிடைக்கும் என்பதை அங்கேயே நேரில் விசாரிப்பது நல்லது.

பயணக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மாதம் ஒரு முறை என்றால் 2 வருடத்தில் 24 தடவை. கம்பி குத்தினாலோ பிராக்கெட் கழன்றாலோ கூடுதல் நடை. கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம். பாதியில் நிறுத்துவதுதான் பெரிய நஷ்டம். கண்காணிப்பு இல்லாத கிளிப், பல்லைச் சொத்தையாக்கும், ஈறையும் கெடுக்கும்.

முறுக்கு, சீடை, வெற்றிலை

கிளிப் இருக்கும்வரை கைமுறுக்கு, சீடை, எலும்புக் கறி, கடலை மிட்டாய் போன்றவற்றுக்கு லீவு விட வேண்டும். கடித்தால் பிராக்கெட் பெயரும். இட்லி, இடியாப்பம், கவுனி அரிசிப் பொங்கலுக்குத் தடை இல்லை. சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் பல் துலக்க வேண்டும்.

வெற்றிலைப் பாக்கு போடுபவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு வருவது நல்லது. கொட்டைப்பாக்கு கிளிப்பை உடைப்பது சின்ன விஷயம். புகையிலை சேர்க்காத பாக்கும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்பது உறுதியான ஒன்று. வாய் முழுதாகத் திறக்க முடியவில்லை, காரம் பட்டால் எரிகிறது என்றால் கிளிப்பைப் பிறகு பார்க்கலாம். முதலில் வாயைப் பரிசோதிக்க வேண்டும்.

கழற்றிய பிறகு?

"கிளிப் எடுத்தாச்சு, வேலை முடிஞ்சது" என்று நினைப்பவர்களுக்குத்தான் பல் மறுபடி கோணலாகிறது. நகர்ந்த பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க ரீடெய்னர் போட வேண்டும். சிலருக்குப் பல்லின் உட்பக்கம் மெல்லிய கம்பியை ஒட்டிவிடுவார்கள். பெரியவர்கள் பலருக்கு இரவில் ரீடெய்னர் போடுவது நீண்டகாலப் பழக்கமாகவே இருக்கும். அதன் விலை மொத்தச் செலவில் சேர்ந்ததா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. கிளிப் போடுபவர் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். முடித்தவரா? மாநில பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண் என்ன? (பி.டி.எஸ். அடிப்படைப் பட்டம். அதன்மேல் 3 வருடப் படிப்பு எம்.டி.எஸ்.)
2. என் ஈறும் எலும்பும் தாங்குமா? எக்ஸ்-ரேயில் காட்ட முடியுமா?
3. பல் எடுக்க வேண்டுமா?
4. மொத்தச் செலவு எவ்வளவு, தவணை உண்டா? எழுத்தில் கிடைக்குமா?
5. எத்தனை மாதம், எத்தனை தடவை வர வேண்டும்? அந்த டாக்டர் மாதத்தில் எந்த நாளில் வருவார்?
6. கிளிப் போடாவிட்டால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்விக்கு "ஒன்றும் ஆகாது, தோற்றம் மட்டும்தான்" என்று பதில் வந்தால், முடிவு முழுக்க உங்கள் கையில். தோற்றத்துக்காகப் போடுவதில் வெட்கப்படவும் ஒன்றும் இல்லை. மெல்லுவதும் ஈறும் பாதிக்கப்படும் என்று பதில் வந்தால், வயதைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டாம். தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் ஈறும் எலும்பும் இன்னும் கொஞ்சம் தேய வாய்ப்பிருக்கிறது.